ஆற்றுக்கு வண்ணம் பூசியவர்கள்

எங்கள் அவிநாசிபாளையம் வழியாகத்தான் கோவை–திருச்சி சாலை போகிறது. ஆனாலும் நான் திருச்சியை முதலில் பார்த்தது கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்றில். முன்னால் காவிரி, பின்னால் மலைக்கோட்டை, மேலே அகன்ற வானம். நீர்வண்ண ஓவியம் என்றே நினைத்தேன்.

அது ஓவியமல்ல, அச்சுப்படம். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792இல் தென்னாட்டுக்கு வந்தார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ வரிசையின் 144 படங்களில் இதுவும் ஒன்று. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுத்தார்கள். வண்ணம் பிறகு தாள் தாளாகக் கையால் பூசப்பட்டது.

பூசியது யார்? அக்கால லண்டன் அச்சுத்தொழிலில் அந்த வேலையைக் கூலிக்குச் செய்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. படத்தின் அடியில் டேனியல்களின் பெயர் இருக்கிறது. வண்ணம் பூசியவர்களின் பெயர் இல்லை.

மாதிரியைப் பார்த்துப் பூசியவர்களுக்குப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். அந்த வானத்தைப் பாருங்கள். நீர்வண்ணத்தில் கை நடுவில் நின்றால் அந்த இடம் காய்ந்து கோடு விழும். அவ்வளவு அகலத்தை ஒரே ஈரத்தில் முடிக்க வேண்டும். அதைத் தாளுக்குத் தாள் செய்ய வேண்டும். இதைக் கலை என்று சொல்லாமல் ‘கைவேலை’ என்று ஒதுக்குவது யாருக்கு வசதி?

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். மற்றவர்கள் காணாத ஓட்டையையும் கறையையும் ஒரு நொடியில் பிடிப்பார். பல வருடங்களுக்குப் பிறகும் சம்பளச் சீட்டில் ‘ஹெல்பர்’தான். கட்டிங் மாஸ்டரின் வேலைக்கு மட்டும் ‘தொழில்’ என்று பெயர்.

வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், திருப்பூரைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்ந்து திருச்சிக்குப் போகிறது. சாயக்கழிவால் நிறம் மாறிய அந்த ஆற்றுக்காக 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது ஆற்றைப் பற்றியும் ஏற்றுமதியைப் பற்றியும் நிறையப் பேசினார்கள். வேலையில்லாமல் வீட்டிலிருந்த பெண்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கோட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வானத்தின் மேல் விரலை ஓட்டி, “திட்டுத் திட்டா இல்லாம சாயம் ஒரே மாதிரி புடிச்சிருக்குதே, யாரு கண்ணு செஞ்சது?” என்றார்.

இந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.