‘ஆட்சியும் சமுதாய வாழ்வும்’: ஒரு பட்ட ஆய்வேட்டின் நிறையும் குறையும்

வரலாற்றுத் துறையில் டாக்டர் பட்டத்திற்கென எழுதப்பெறும் ஆய்வேடுகளைத் தமிழ் பயில்வோர் நாடுவது பெரும்பாலும் கால வரையறைக்காகவே. ஒரு புலவரின் காலத்தையோ ஒரு மன்னனின் ஆட்சியாண்டையோ எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றைப் புரட்டாமல் மூடிவிடுகிறோம். அவ்வேட்டை ஆக்கிய மாணவர் எவற்றைத் தம் கண்ணாற் கண்டார், எவற்றைப் பிறர் தந்த சுருக்கத்திலிருந்து பெற்றார் என்று வினவுவதில்லை. இவ்வினாவை ஒரு நூலின்மேல் வைத்து ஈண்டு ஆராய்வோம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரிடம் பயின்ற சி. மீனாட்சி அம்மையார் (1905–1940) பல்லவரைப் பற்றிய ஆய்வுக்காக 1936-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. அவ்வாய்வு 1938-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. ‘பல்லவர் காலத்து ஆட்சியும் சமுதாய வாழ்வும்’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஈராண்டு கழித்து, 1940-இல், தி. வி. மகாலிங்கம் அவர்கள் விசயநகரப் பேரரசைப் பற்றி இதே தலைப்பில் நூல் வெளியிட்டார். அரச மரபின் பெயரை மட்டும் மாற்றி அமைத்துக்கொள்ளத்தக்க இத்தலைப்பு, பின்வந்த ஆராய்ச்சி மாணவர்க்கு எளியதோர் அச்சாயிற்று. அச்சு எளிதாதலாற் பிறந்த தீமையும் உண்டு.

அக்காலத்து ஆராய்ச்சி மாணவர்க்குக் கிடைத்த கருவிகளை நினைவுகூர்தல் வேண்டும். கல்வெட்டுக்களிற் பெரும்பகுதி அச்சேறவில்லை. அரசினர் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகள் ஒவ்வொரு கல்வெட்டிற்கும் ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கமே தந்தன. மூலத்தின் மைப்படிகளோ உதகமண்டலத்து அலுவலகத்தில் இருந்தன. 1966-இல்தான் அவ்வலுவலகம் மைசூருக்கு மாறியது. சென்னையில் இருந்து எழுதும் மாணவர் சுருக்கத்தையே மூலமெனக் கொள்ள நேர்ந்ததில் வியப்பில்லை. உதவித்தொகையின் காலம் முடியுமுன் ஏட்டை ஒப்படைக்க வேண்டியவர் மலையேறி ஒவ்வொரு படியையும் பார்த்து வருதல் அரிதன்றோ!

இத்தகைய சூழலில் மீனாட்சி அம்மையார் நூலைச் சிறப்பிப்பது எது? அரசன், அமைச்சர், ஊராட்சி, நிலவரி எனச் செல்லும் இயல்கள் தேவையானவை, உழைப்பாற் சிறந்தவை. ஆயினும் அவற்றைப் பிறரும் எழுதியிருக்கக்கூடும். நீர்ப்பாசனம், கடிகை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு ஆகியவற்றை எழுதுமிடத்தேதான் ஆசிரியரின் தனித்த பார்வை புலப்படுகிறது. அப்பார்வை முழுமையுற்றது காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிற் சிற்பங்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியில் ஆகும். அந்நூல் அவர் மறைந்தபின் 1941-இல் தொல்பொருள் துறை வெளியீடாக வந்தது.

அக்கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளது. சிலவற்றின் கீழே மட்டும் சிறு தமிழ் எழுத்துப் பொறிப்புக்கள் உண்டு. ஏனையவை பெயரின்றி நிற்கின்றன. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பின் பட்டம் பெற்ற நந்திவர்மன் யார் மகன் என்பது ஆராய்ச்சியாளர் நடுவே ஒரு சிக்கல். உதயேந்திரம் செப்பேடு அவனைப் பரமேசுவரவர்மன் மகன் என்கிறது. காசாக்குடிச் செப்பேடு குடிகளால் தேர்ந்தெடுக்கப்பெற்றவன் என்கிறது. கோயிற் பொறிப்போ, கடிகையாரும் பிறரும் இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டி நின்றதையும், மூத்தோர் இசையாதொழியப் பன்னிரண்டு அகவைப் பல்லவமல்லன் இசைந்ததையும் படிப்படியாகக் கூறுகிறது. பொறிப்பு முன்னரே அறியப்பட்டதுதான். ஆனால் பெயரற்ற சிற்பங்களையும் செப்பேடுகளின் மரபு வரிசையோடு ஒப்பிட்டு, சுவர் முழுவதையும் ஒரு நூலாகப் படிக்க முயன்றவர் இவ்வம்மையார். அவர் கண்ட அடையாளங்கள் சிலவற்றை மறுக்கலாம். முறையை மறுத்தல் இயலாது.

இனிக் குறையைக் கூறுவோம். ஆட்சி, சமுதாயம் என்னும் இரு பெட்டிகளை முன்னரே செய்துவைத்துச் சான்றுகளை அவற்றுள் இடும்போது, சான்றின் இயல்பு மறைந்துவிடுகிறது. மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் காபாலிகனின் துணைவி, விகாரச் செல்வமுடைய பௌத்தத் துறவி நீதிமன்றத்தாரைப் பொருளால் வசப்படுத்துவான் என அஞ்சுகிறாள். வரலாற்று நூல்கள் இதனைப் பல்லவர் காலத்து நீதித்துறையின் சீர்கேட்டிற்குச் சான்றாக எடுத்தாளும் வழக்கம் உண்டு. பேசுபவள் குடிவெறியிலிருப்பவள், நூல் அங்கதம், அதை இயற்றியவனோ அந்நீதிமன்றங்களுக்கெல்லாம் தலைவனாகிய அரசன். தன் ஆட்சியைத் தானே எள்ளி நகையாடும் மன்னனின் மனநிலையன்றோ இங்கு ஆராயற்பாலது! ‘நீதிமுறை’ என்னும் தலைப்பின்கீழ் ஒரு வரியாக இது அடங்குமாறில்லை.

வரிப் பெயர்களிலும் இக்குறையே நேர்கிறது. பல்லவர் செப்பேடுகளின் வடமொழிப் பகுதி மன்னர் புகழையும் மரபையும் பாடும். தமிழ்ப் பகுதியே நிலத்தின் எல்லையையும் இறைகளையும் கூறும். குசக்காணம், கண்ணாலக்காணம், ஈழப்பூட்சி, இடைப்பூட்சி, உல்லியக்கூலி என வரும் சொற்களைக் ‘குயவர் வரி’, ‘திருமண வரி’ என்று ஆங்கிலத்திற் பெயர்த்தவுடன் எல்லாம் ஒரே வகை வரியாகிவிடுகின்றன. காணம், பூட்சி, கூலி என்னும் மூன்றும் ஒன்றா? காணம் என்பது பொற்காசு. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் பரிசிலைக் காணத்தால் எண்ணுதலைத் தமிழ் மாணவர் அறிவர். கண்ணாலம் இன்றும் நாட்டுப்புற வழக்கிலுள்ள சொல். செப்பேட்டை எழுதியவன் ஊரார் பேச்சையே எழுதினான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? இவ்வேறுபாடு ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற ஆய்வேட்டிற் புலனாகாது. மீனாட்சி அம்மையாரைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. பட்டத்தின் மொழி ஆங்கிலம். தேர்வாளர் சிலர் தமிழறியாதவராகவும் இருத்தல் கூடும்.

தமிழ்த் துறையினின்று வந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் வரலாற்றைத் தமிழிலேயே எழுதினார். அவர் நூலின் முதற் பகுதி 1949-இல் வந்தது. அதன் இயல்கள் மன்னர் வரிசைப்படி செல்வன எனினும், கல்வெட்டுத் தொடரை மூலத்திலிருந்தே காட்டும் வழக்கத்தால் படிப்போர் தாமே சரிபார்த்தல் கூடும். வரலாற்றுத் துறையினர் பக்கத்திலும் மாற்றம் நேர்ந்தது. எ. சுப்பராயலு அவர்களின் சோழநாட்டு நாடுகள் பற்றிய நூல் 1973-இல் வெளிவந்தபோது, ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் நிலப்படத்தில் இடம் பெற்றது. ஆட்சி, சமுதாயம் என்னும் பெட்டிகள் அங்கு இல்லை. ‘நாடு’ என்னும் தமிழ்ச் சொல்லே ஆராய்ச்சியின் அலகாயிற்று. 1978-இல் அவரும் நொபொரு கராசிமாவும் மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு அட்டவணை தந்தனர்.

பல்லவர் செப்பேடுகளின் இறைச் சொற்களுக்கும் இத்தகைய அட்டவணை செய்யத் தக்கது. செப்பேடு, ஆட்சியாண்டு, ஊர், சொல் என நிரல்படுத்தி, காணம் எங்கு வருகிறது, பூட்சி எங்கு வருகிறது எனக் காணல் வேண்டும். வரலாற்றுத் துறை மாணவர் ஒருவரும் தமிழ்த் துறை மாணவர் ஒருவரும் ஒரே மேசையிலிருந்து செய்யவேண்டிய பணி இது. தொடங்குவோர் காசாக்குடிச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.