தீவில் இருவர், வகுப்பில் ஒருத்தி

சிறுவர் சாகசக் கதையைக் கையில் எடுத்தால் நாம் கேட்பது ஒன்றுதான்: கீழே வைக்க முடியாமல் படிக்க வைக்கிறதா? தேவையான கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. கடலோ காடோ பசியோ ஒரு பிள்ளையை வளைத்துக்கொள்ளும் கதையில், நிறத்தாலோ சாதியாலோ தள்ளி வைக்கப்பட்ட ஒருவரும் பெரும்பாலும் உடன் வருவார். அவருக்கென்று கதையில் ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்பதை வைத்தே இந்த மரபின் போக்குகளைத் தரம் பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூத்த போக்கு 1719இல் வெளிவந்த 'ராபின்சன் குரூசோ' வகுத்தது. தீவில் காப்பாற்றப்பட்டவனின் சொந்தப் பெயரைக் குரூசோ கேட்பதில்லை. கிழமையின் பெயரைச் சூட்டி, தன்னை எசமான் என்று அழைக்கக் கற்றுக்கொடுக்கிறான். இதன் வாரிசு நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. லீ ஃபாக் 1936இல் படைத்த வீரன் முத்து காமிக்ஸில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியாகவும் தமிழ்ப் பிள்ளைகளின் நெஞ்சில் குடியேறினான். அவன் கதைகளில் ஆப்பிரிக்கக் காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது ஒரு வெள்ளையர் குடும்பம், காட்டின் மக்களோ அக்குடும்பத்துக்குத் துணையாட்கள். கருத்த தோலுடைய நாமும் அந்த வெள்ளைத் தோள்மீது ஏறி நின்றுதான் காட்டைப் பார்த்தோம்.

அடுத்த போக்கு நல்லெண்ணத்தில் பிறந்தது, அதனாலேயே எடைபோடக் கடினமானது. தியடோர் டெய்லரின் 'தி கே' 1969இல் வந்தது, மார்ட்டின் லூதர் கிங்கின் கனவுக்குக் காணிக்கையாக. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிக் கப்பல் மூழ்க, பிலிப் என்ற வெள்ளைச் சிறுவனும் முதிய கறுப்பு மாலுமி டிமதியும் ஒரு சிறு தீவில் ஒதுங்குகிறார்கள். தலையில் பட்ட அடியால் பிலிப்புக்குப் பார்வை போகிறது. கறுப்பரைத் தாயிடமிருந்தே இளக்காரமாகப் பார்க்கக் கற்றவன், கயிற்றைப் பிடித்து நடக்கவும் தூண்டிலிட்டு மீன் பிடிக்கவும் டிமதியிடம் கற்கிறான். நிறம் தெரியாத கண்ணுக்கு மனிதர் தெரிகிறார். புயலில் சிறுவனைத் தன் உடலால் மறைத்துக் காத்த டிமதி இறந்துபோகிறார். 1970இல் ஜேன் ஆடம்ஸ் விருது பெற்ற இந்நூல் டிமதியைக் காட்டிய விதத்துக்குப் பின்னர் கண்டனம் எழுந்தது, டெய்லர் விருதைத் திருப்பி அனுப்பினார். கதை சொல்பவன் பதினோரு வயதுப் பையன், அவன் அறிந்த அளவுக்குத்தானே டிமதி தெரிவார் என்று நூலுக்காக வாதாடலாம். அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதிக்கு டெய்லரே விடை தந்தார். 1993இல் டிமதியின் இளமையையும் கப்பல் கனவையும் சொல்லும் இன்னொரு நாவலை எழுதினார். முதல் நூலில் இல்லாத குறையை எவரும் இருபத்து நான்கு ஆண்டு கழித்து நிரப்ப மாட்டார்.

தமிழில் நம்பிக்கை தருவது மூன்றாம் போக்கு. குமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜெயமோகன் எழுதிய 'பனிமனித'னில் இமயமலைச் சிறுவன் கிம் சுமைதூக்கியாக நின்றுவிடாமல் கதையின் நடுவுக்கே வருகிறான். விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' பள்ளிப் பிள்ளைகளின் கையில் சாதிக்கொரு நிறமாக ஏறும் கயிற்றைப் பேசுகிறது. பிஞ்சு மனத்தில் சாதியை ஏன் விதைக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பதுண்டு. அக்கறையான கேள்வி. ஆனால் கயிறு கட்டப்படுவது பிஞ்சுக் கையில்தான். கதை மௌனம் காத்தால், அந்த நிறத்துக்கு விளக்கம் சொல்லக் கயிற்றைக் கட்டிவிட்டவர் மட்டுமே மிஞ்சுவார்.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் உள்ள காஞ்சிரங்குளத்துப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கதைக்காகத் தொலைதூரத் தீவு வேண்டியதில்லை. பக்கத்து வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடுக்கப்பட்ட பொதுவழியில் வில்லுவண்டி ஓட்டினார். 1910ஐ ஒட்டி, இதே வட்டாரத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அழைத்துப் போனார். அதை எதிர்த்துப் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே காக்கப்படுகிறது. இதைக் கதையாக்குபவருக்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அய்யன்காளியின் உயரத்தில் சிறுமி மறைந்துபோகலாம், அப்போது அவளும் இன்னொரு டிமதி ஆகிவிடுவாள். வாசலிலிருந்து பெஞ்சு வரைக்குமான அந்தச் சில அடிகளைப் பஞ்சமியின் கண் உயரத்திலிருந்து எழுத வேண்டும்: அவள் யாரைப் பார்த்தாள், பெஞ்சில் எங்கே உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்த பிள்ளை நகர்ந்ததா, நகரவில்லையா.