இறக்கிய தரவில் எழும் முனைவர் பட்டங்கள்

குப்பத்தை அடுத்த சாந்திபுரத்தில் எம்.எஸ்சி. முடித்த ஒருவர் மரபணுத் தரவில் பிஎச்.டி. செய்ய நினைத்தால், இன்று ஆய்வகம்கூடக் கட்டாயமில்லை. ஒரு மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருள், அதற்கான பயோகண்டக்டர் தொகுப்புகள், தடைபடாத இணையம் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். உலக ஆய்வகங்கள் பொதுவில் வைத்த தரவு காத்திருக்கிறது. திருப்பதியிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், 2015இல் தொடங்கிய ஐசர் என்று இடங்களும் உண்டு. ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். உயிரியலில் இவ்வளவு சிக்கனமாகத் தொடங்கக்கூடிய ஆய்வு வேறில்லை.

அந்த வசதிதான் வினையாகவும் முடிகிறது. புற்றுநோய்த் தரவு ஒன்றை இறக்கு, செயல்பாடு கூடிய, குறைந்த மரபணுக்களைப் பட்டியலிடு, வலைப்படம் வரை, நடுவில் நிற்கும் பத்து மரபணுக்களுக்குப் பெயர் சூட்டு, மூலிகைச் சேர்மம் ஒன்றைக் கணினியிலேயே பொருத்திக் காட்டு. நோயின் பெயரை மாற்றினால் அடுத்த கட்டுரை தயார். ஆய்வேடு தருமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற விதியை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. அது வளர்த்த பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

இதில் முதலில் அடிபடுவது புள்ளியியல். 20,000 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பி மதிப்பு 0.05க்குக் கீழ் வந்தவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் சுமார் ஆயிரம் மரபணுக்கள் தேறிவிடும். இதைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம் 1995இலேயே வந்தது. மென்பொருளில் ஒரே வரி. ஆனால் நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளும், நலமானவர்களின் மாதிரிகளை இன்னொரு நாளும் இயந்திரத்தில் ஏற்றியிருந்தால், தெரிவது நோயின் வேறுபாடா, நாளின் வேறுபாடா? இதை எந்தத் திருத்தமும் பிரித்துத் தராது. கேட்கத் தெரிந்த நெறியாளர்தான் கேட்க வேண்டும். சிஎஸ்ஐஆர் நெட் தேர்விலும் உயிரியல் ஒரு தாள், கணிதமும் புள்ளியியலும் வேறொரு தாள். இரண்டும் தெரிந்தவரை அது எப்படித் தேர்ந்தெடுக்கும்?

நன்றாக நடந்ததற்கும் உதாரணம் அருகிலேயே உண்டு. மைபிபிசி3 என்ற இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயச் செயலிழப்பு அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் காட்டினார்கள். நோயாளிகளையும் நலமானவர்களையும் ஒப்பிட்டதோடு விடாமல், பல சமூகங்களைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தேடினார்கள். துணைக்கண்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வரிடம் அது இருக்கிறது. இறக்கிய தரவை மட்டும் நம்பியிருந்தால் இது சிக்கியிருக்காது. அந்தத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது.

சித்தூர்ப் பக்கத்திலும் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆந்திர வைசியர் சிலருக்கு சக்சினைல்கோலின் செலுத்தினால் தசைத் தளர்ச்சி வெகுநேரம் நீடிப்பது மயக்க மருத்துவர்கள் அறிந்ததே. தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணந்ததன் தடம் அது. மற்ற சமூகங்களில் இப்படி என்னென்ன ஒளிந்திருக்கின்றன? ஸ்விம்ஸில் மருத்துவமனையும் உயிரித்தகவலியல் துறையும் ஒரே நிறுவனத்துக்குள் இருக்கின்றன. ஜீனோம் இந்தியா திட்டத்தின் ஏறக்குறைய பத்தாயிரம் பேரின் தரவு ஃபரிதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெற வழி திறந்திருக்கிறது. பொதுத் தரவே கூடாது என்பதல்ல என் வாதம். அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும், ஆய்வே அதுவாகிவிட வேண்டாம்.

பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், கையெழுத்திடுமுன் நெறியாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: இந்தக் கேள்விக்கான மாதிரிகள் யாரிடமிருந்து வரும்? புள்ளியியல் துறையிலிருந்து இணை நெறியாளராக யார் இருப்பார்? மழுப்பலான பதில் வந்தால், ஓராண்டு போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.