பச்சிளங்குழந்தையின் முதல் துணி

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தாமல், பலமுறை துவைத்து நைந்து மென்மையான பருத்தி வேட்டியையோ நூல் சேலையையோ கிழித்துச் சுற்றும் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம், துணியின் இயல்பை நெருங்கி அறிந்தோர் கண்ட முறையாகும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூலாகிய பாவு, நெசவின்போது அறுந்துவிடாதிருக்கக் கஞ்சிப் பசை ஊட்டப்பெறுகிறது. ஆயத்த ஆடைகளிலோ மிஞ்சிய சாயமும், சுருக்கம் விழாதிருக்கச் சேர்க்கும் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின்களும் தங்கியிருக்கக்கூடும். பெரியவர்களின் தோலைவிட மெல்லியதான பச்சிளந்தோலில் இவை உறுத்தலையும் தடிப்பையும் உண்டாக்க வல்லவை.

ஆகவே, கடையில் வாங்கும் சட்டையையும் முதலில் துவைத்தே உடுத்துவது முறை. மணமூட்டாத சோப்பில் கசக்கி, நுரை முற்றிலும் நீங்கும்வரை நல்ல தண்ணீரில் இருமுறையேனும் அலசி, வெயிலில் உலர்த்தும்போது, கஞ்சியின் விறைப்பு நீங்கி, இழை தளர்ந்து, பருத்தி தனக்குரிய உறிஞ்சும் தன்மையை முழுமையாகப் பெறுகிறது. கை தொட்டதும் தெரியும் அந்த நெகிழ்வே இவ்வேலை செம்மையாக முடிந்ததற்கு அடையாளம்.

பழந்துணியிலும் ஒரு விலக்கு உண்டு. பாச்சை உருண்டை எனப்படும் நாப்தலீனோடு பெட்டியில் கிடந்த துணி, ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையை வரவழைக்கக்கூடும். அத்தகைய துணியைத் துவைத்து உடுத்துவதைவிட, குழந்தையின் அருகில் கொண்டுவராமல் விடுவதே நன்று.