தண்டாயுதம் ஏந்திய குரு

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் இடையில் நிற்கும் ‘கிளெரிக்’, அதாவது கவசம் பூண்டு தோழர்களோடு நிலவறைகளில் இறங்கும் சமயகுரு, அம்மூன்று வகையினருள் மிக நுட்பமாக வார்க்கப்பட்ட படைப்பாகும். ஆர்னெசனின் ஆட்டத்தில் ஓர் இரத்தக்காட்டேரியை எதிர்கொள்ளவே இப்பாத்திரம் தோன்றியது. ஆகவே புனிதச் சின்னத்தை உயர்த்தி நடைப்பிணங்களை விரட்டும் ஆற்றல் இதன் உயிர்நாடியாயிற்று. வாள் முதலிய கூர்ங்கருவிகள் இதற்கு விலக்கப்பட்டன. பேயூ சித்திரச் சீலையில் ஆயர் ஓடோ தடியேந்திக் காணப்படுவது இவ்விலக்கோடு பெரிதும் இணைத்துப் பேசப்படுகிறது.

முதற்பதிப்பின் விதிப்படி, தொடக்க நிலையிலுள்ள குருவுக்கு மந்திரம் ஒன்றுகூட இல்லை. தண்டாயுதத்தையும் நம்பிக்கையையும் மட்டுமே துணைக்கொண்டு இருளில் நடந்து, பட்டறிவு பெற்று இரண்டாம் நிலையை எட்டிய பின்னரே அருள் வாய்க்கிறது என்னும் இவ்வமைப்பின் அழகு வியக்கத்தக்கது. பின்வந்த விதிகளில், அன்று யார் காயமுறுவர், எந்த நஞ்சு தாக்கும் என்று அறியாமலேயே, வேண்டுதலால் பெறும் மந்திரங்களைக் குரு முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, தேர்ந்த மந்திரத்தைக் காயமாற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ள இசைந்தபோது ஆட்டம் எளிதாயிற்று, எனினும் அத்தேர்வின் கனம் குறைந்தது இழப்பே.