கைமாறி வந்த கேமரா

காளஹஸ்தியில் துணிமேல் கலம்காரி ஓவியம் தீட்டுகிறவர்களைப் படமெடுக்க நினைப்பவருக்குக் கையில் காசு குறைவென்றால், பலர் கைமாறி வந்த நிக்கான் டி700 ஒன்று போதும். 2008இல் வந்த கேமரா அது. தூக்கியதும் மக்னீசியக் கூட்டின் கனம் மணிக்கட்டில் இறங்கும். பிடி ரப்பர் யாரோ ஒருவருடைய விரல்களால் வழவழத்திருக்கும், விளிம்புகளில் கறுப்புச் சாயம் தேய்ந்து உலோகம் மினுங்கும். எத்தனை முகூர்த்தங்களைப் பார்த்ததோ! அந்தத் தேய்மானத்தின் மீது எனக்குத் தனிப் பிரியம். வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஷட்டர் ஓடிய கணக்கைக் கேட்பதும் நல்லது. ஒன்றரை லட்சம் முறை தாங்குமெனச் சோதிக்கப்பட்ட ஷட்டர் அது. அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழுந்து விழும் சத்தம், நன்றாகப் பொருந்திய மரக்கதவு சாத்துவதுபோல் திடமாகக் கேட்கும்.

கம்பளி சுற்றிய ‘கலம்’ என்ற மூங்கில் எழுதுகோலை ஓவியரின் விரல்கள் மெல்லப் பிழியும். இரும்பும் வெல்லமும் ஊறிய சாறு, கடுக்காயும் பாலும் தோய்ந்த துணியில் பட்டதும் கோடு கறுக்கும். அந்தக் கைக்காகக் காத்திருக்க இந்தக் கேமரா சுகமானது. பழைய 50 மி.மீ. லென்ஸின் துளை வளையம் ஒவ்வொரு எண்ணிலும் சொடுக்கி நிற்கும். ஜன்னல் வெளிச்சமே போதும், 12 மெகாபிக்சலில் துணியின் இழைகூடத் தெரியும்.