மத்திய சென்னை: எல்லைக்கோடும் எம்.பி.யும்

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில், தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவாக வாக்குப் பதிவான தொகுதி மத்திய சென்னை: 53.96 சதவீதம். அதே நாளில் தருமபுரி 81 சதவீதத்தைத் தாண்டியது. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சென்ட்ரல், எழும்பூர் என மாநிலத்தின் முக்கிய இடங்கள் பலவும் இருக்கும் தொகுதியில், ஏறத்தாழ பாதிப் பேர் வாக்குச்சாவடிப் பக்கம் வரவில்லை.

வெற்றி பெற்ற தயாநிதி மாறன் வாங்கிய வாக்குகள் சுமார் 4.13 லட்சம். வாக்கு வித்தியாசம் 2.44 லட்சத்துக்கும் மேல். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பெரிய வெற்றிதான். ஆனால் பட்டியலில் இருந்த வாக்காளர்கள் 13.5 லட்சம் பேர். பத்தில் மூன்று பேரின் ஆதரவில் ஒருவர் பத்துப் பேருக்குமான பிரதிநிதியாக டெல்லி போகிறார். இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. யார் வென்றிருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

படித்த நகரத்தான் சோம்பேறி, ஓட்டுப் போடமாட்டான் என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறைக்கு மூன்று பேராகத் தங்கியிருப்பவர்களைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் இங்கே தண்ணீர்ப் பிரச்சினையையும் பஸ் நெரிசலையும் அனுபவிப்பவர்கள். வாக்கு மட்டும் தேனியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். தேர்தல் வந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கேயே வாக்கு உள்ளவர்களோ வீடு மாறிக்கொண்டே இருக்கும் வாடகைக்காரர்கள். பழைய முகவரியில் பெயர் இருக்கும், பூத் சிலிப் யார் கைக்கோ போகும். மாநகரப் பட்டியலில் இறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் எவ்வளவு பேர் சேர்ந்துகிடந்தார்கள் என்பதை 2025 இறுதியில் தொடங்கிய தீவிரத் திருத்தம் காட்டியது. சென்னை மாவட்டத்தில் மட்டும் லட்சக்கணக்கான பெயர்கள் நீங்கின. ஆகவே குறைந்த சதவீதத்தின் ஒரு பகுதி அக்கறையின்மை. மற்றொரு பகுதி பட்டியலின் பிழை.

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்னும் இந்த முறையில் நல்லதும் உண்டு. வில்லிவாக்கம், எழும்பூர், துறைமுகம், சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி, ஆயிரம் விளக்கு, அண்ணா நகர் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒட்டி ஒட்டி இருப்பவை. ஒரே நாளில் சுற்றிவிடலாம். எம்.பி. யார், எந்தக் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் மாற்றவும் முடியும். 2014-இல் அ.தி.மு.க.வின் எஸ்.ஆர்.விஜயகுமாரைத் தேர்ந்தெடுத்ததும் 2019-இல் மாற்றியதும் இதே வாக்காளர்கள்தான்.

1977-இல் இந்தத் தொகுதி உருவானபோது முதலில் வென்ற பா.ராமச்சந்திரன், மொரார்ஜி அமைச்சரவையில் எரிசக்தித் துறையைக் கவனித்தார். 1996 முதல் மூன்று முறை தொடர்ந்து வென்ற முரசொலி மாறன், தொழில் துறைக்கும் பின்னர் வர்த்தகத் துறைக்கும் அமைச்சரானார். 2001-இல் தோஹாவில் நடந்த உலக வர்த்தக அமைப்பு மாநாட்டில் வளரும் நாடுகளின் பக்கம் நின்று அவர் வாதாடியதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்த வாதத்தால் அண்ணா நகரில் ஒரு சாலைகூட அகலமாகியிருக்காது. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரின் வேலைக்கு அதைவிடச் சரியான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறாக, நாம் எம்.பி.யிடம் எதிர்பார்ப்பது கவுன்சிலர் வேலையை. பயணியர் நிழற்குடை, ஹைமாஸ்ட் விளக்கு, பள்ளிக்கு ஒரு கட்டடம். எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதே பகுதியின் ஆறு எம்.எல்.ஏ.க்களுக்குத் தலா 3 கோடி வீதம் 18 கோடி. அதற்கு மேல் மாநகராட்சி இருக்கிறது, வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். இருப்பதிலேயே சிறிய தொகையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஏற்கெனவே செய்யும் வேலையை எம்.பி.யும் செய்து, பெயர்ப் பலகை வைத்துக்கொள்கிறார். நாமும் அந்தப் பலகைகளை எண்ணித்தான் மதிப்பெண் போடுகிறோம். 2016 முதல் 2022 வரை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாத காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு நியாயம் இருந்தது. இப்போது இல்லை.

மத்திய சென்னைக்கு நாடாளுமன்றத்தில் வேலை இல்லாமல் இல்லை. கடற்கரை நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் இறுதியில் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். 2024 அக்டோபர் இறுதியில்தான் மறுபடி கடற்கரை வரை ஓடியது. வேளச்சேரியிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்கு வருகிறவர்கள் பதினான்கு மாதம் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அலைந்தார்கள். ரயில்வே முழுக்க ஒன்றிய அரசின் கையில் இருப்பது. கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ மேயரோ இதில் பதில் வாங்க முடியாது; அதற்குரிய இடம் மக்களவை. தேர்தல் நடந்த ஏப்ரலில் அந்த ரயில் பாதி வழியில்தான் நின்றுகொண்டிருந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டோம்?

துறைமுகம்-மதுரவாயல் மேம்பாலச் சாலை இன்னும் பெரிய பாடம். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார்; மதிப்பு 1,815 கோடி ரூபாய். கூவத்தின் ஓட்டத்தைத் தூண்கள் மறிக்கின்றன என்று 2012-இல் அ.தி.மு.க. அரசு வேலையை நிறுத்தியது. ஆற்றின் ஓரம் தூண்கள் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி மீண்டும் அடிக்கல் நாட்டியபோது, இரண்டடுக்குச் சாலையாக மாறிய திட்டத்தின் மதிப்பு 5,800 கோடியைத் தொட்டிருந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மத்திய சென்னைக்கு தி.மு.க. எம்.பி.யும் இருந்தார், அ.தி.மு.க. எம்.பி.யும் இருந்தார். ஒன்றிய ஆளுங்கூட்டணியில் இருந்தவரும் உண்டு, எதிர்வரிசையில் இருந்தவரும் உண்டு. யாராலும் அந்தத் தூண்களை அசைக்க முடியவில்லை. ஒன்றிய அரசும் மாநில அரசும் மல்லுக்கட்டும்போது தொகுதி உறுப்பினருக்கு இருக்கும் பலம் மிகக் கொஞ்சம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும். தொகுதியின் நலனும் கட்சியின் நிலைப்பாடும் மோதினால் எது வெல்லும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2019 டிசம்பரில் தீவுத்திடலை ஒட்டிய சத்தியவாணிமுத்து நகரில், கூவக்கரைக் குடிசைகளை இடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில் நடந்த வெளியேற்றம் அது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வேலை, துறைமுகக் கூலி எல்லாம் இங்கே. வீடு மட்டும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். பெரும்பாக்கம் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது, அதாவது தென் சென்னை மக்களவைத் தொகுதி. வீட்டோடு வாக்கும் போகிறது. வெளியேற்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய உறுப்பினரைத் தண்டிக்கும் உரிமை, வெளியேற்றப்பட்டவர்களுக்கே இல்லாமல் போகிறது. புதிய இடத்தின் எம்.பி.யோ, அந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்று நியாயமாகவே சொல்லலாம். எல்லைக்கோட்டை அடிப்படையாகக் கொண்ட பிரதிநிதித்துவத்தின் மிகப் பெரிய ஓட்டை இது. அதில் விழுகிறவர்கள் எப்போதும் ஏழைகள்தான்.

இப்படி விளிம்புக்குப் போனவர்கள், ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து 2024 பட்டியலில் சோழிங்கநல்லூர் ஆறரை லட்சம் வாக்காளரைத் தாண்டியது. துறைமுகத்தில் ஏறத்தாழ 1.7 லட்சம்தான். மக்களவையிலும் இதே கதை: மத்திய சென்னையில் 13.5 லட்சம், தென் சென்னையில் 20 லட்சத்துக்கும் மேல், ஸ்ரீபெரும்புதூரில் 23.8 லட்சம். மாநகராட்சிக்குள் இருக்கும் அம்பத்தூரும் ஆலந்தூரும் ஸ்ரீபெரும்புதூரோடு வாக்களிக்கின்றன, மாதவரம் திருவள்ளூரோடு. 1977-இல் சென்னை என்ற பெயரில் மூன்று மக்களவைத் தொகுதிகள், இன்றும் மூன்றே.

தொகுதி மறுவரையறை என்றால் தமிழ்நாட்டில் ஒரே பேச்சு, நம் இடங்கள் குறையக்கூடாது என்பது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்கு அது தண்டனையாகக்கூடாது; அந்தக் கோரிக்கையில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் 39 என்ற எண்ணைத் தொடாமலே மாநிலத்துக்குள் எல்லைகளைத் திருத்தலாம். 2001 கணக்கெடுப்பை வைத்து 2008-இல் அப்படித்தான் செய்தார்கள். 2027 கணக்கெடுப்பு முடிந்ததும் அதே வேலையை மறுபடி செய்யவேண்டும் என்று, டெல்லியிடம் இடங்களுக்காகப் போராடும் கட்சிகள் அதே குரலில் கேட்கவேண்டும். பெரும்பாக்கத்தில் இருப்பவரின் வாக்குக்குத் துறைமுகத்தில் இருப்பவரின் வாக்கைவிட மதிப்புக் குறைவாக இருப்பதை, மாநிலங்களுக்கிடையே சமத்துவம் கேட்கும் நாம் இனியும் பொறுத்துக்கொள்ளக்கூடாது.